வேலி அணைந்த இருபது நிமிடம்

நான் வானம் பார்ப்பவள் இல்லை.
வானம் பார்ப்பவர்கள் கேப்டவுனில்,
குளிரூட்டிய அறையில், திரைகளுக்கு முன்.
நான் சத்தம் பிடிப்பவள்.
கூரையில் ஆன்டெனா நட்ட வெள்ளை வண்டியில்
கரூ வறள்வெளி முழுக்க அலைந்து
கசியும் மின்கம்பி, கெட்டுப்போன ஃப்ரிட்ஜ்,
யாரோ அணைக்க மறந்த செல்போன் என்று
குற்றவாளிகளைத் தேடுகிறவள்.

கார்னார்வனைத் தாண்டி அறுபத்துநான்கு தட்டுகள்
ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன.
அவை கேட்பதற்காக
ஒரு மாவட்டமே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய் இரவு நொம்புலெலோ சொல்லி அனுப்பினாள்:
"ஒன்றேகால் நொடிக்கு ஒரு துடிப்பு.
பல்சாராக இருந்தால் என் அதிர்ஷ்டம்,
வேலியாக இருந்தால் உன் தலையெழுத்து.
அதன் அடியில் இன்னொன்று இருக்கிற மாதிரி,
ரொம்ப மெதுவாக. சத்தியம் பண்ண மாட்டேன்."

வேலிதான்.
டாவிட் ஃபிஸாகியின் ஆட்டுப்பண்ணை.
பீங்கான் பிடி உடைந்து, கம்பி இரும்புத் தூணில் உரசி
நீலமாய் ஒரு பொறி. டிக். டிக்.

"அணைத்தால் நரி வரும்" என்றார்.
"இருபது நிமிடம்" என்றேன்.
என் அடையாள அட்டையை டார்ச் வைத்துப் படித்தார்.
திரிபுரசுந்தரி என்று அம்மா சொன்னது
டர்பன் பதிவாளர் காதில் விழுந்தபடி: சண்ட்ரி.
இரைச்சலில் போனது பாதிப் பெயர்.

சுவிட்ச் விழுந்தது.
ஆடுகள் அசைபோடுவது கேட்டது.
"மேலே என்னதான் பேசுகிறார்கள்?"
"பேசவில்லை. ஏதோ சுழல்கிறது.
அவ்வளவு தூரம் நீந்தி வருகையில்
உச்சஸ்தாயி முந்தும், மந்திரஸ்தாயி பிந்தும்.
எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு தூரம்.
உங்கள் வேலி பிந்துவதே இல்லை,
பக்கத்து வீடல்லவா."
அவர் சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

போன் கூடாத நிலம். விடை தெரிய
எண்பது கிலோமீட்டர் மண்சாலை,
ஒரு விடுதியின் கம்பித் தொலைபேசி.

"வேலி போய்விட்டது" என்றாள் நொம்புலெலோ.
கொஞ்சம் மூச்சு.
"மற்றது போகவில்லை.
எழுபத்துநான்கு நொடிக்கு ஒன்று. பதினாறு எண்ணினேன்,
பதினேழாவதற்குள் உன் ஆள் வேலியைப் போட்டுவிட்டார்.
இவ்வளவு மெதுவாய்ச் சுழல்வது
செத்திருக்க வேண்டும், சண்ட்ரி.
செத்தது எப்படிக் கூப்பிடும்?"

வெள்ளிக்கிழமை ஃபிஸாகியின் கடிதம் வந்தது.
ஒரு குட்டி. ஆறு வாரம். கழுத்தில் பல்.
விலை இணைப்பில்.

இழப்பீட்டுப் படிவத்தை நானே நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டம் மிகச் சிறியது.
நரி, என்று எழுதினேன்.