பத்துக்கு ஆறு

நான் பல்செட் செய்கிறவள்.
இந்த ஊரில் பாதிப் பேரின் கடி
அச்சாக என் அலமாரியில் இருக்கிறது.
ஃபிக்ரெத் மின்சார மீட்டர் பார்க்கிறவர்.
எதைப் பார்த்தாலும் ஓர் எண் எழுதாமல் நகரமாட்டார்.

மார்ச்சில் என் வீட்டு மீட்டர் நின்றுபோனது.
வாசலில் நின்றபடியே எங்களுக்குள் ஒரு சண்டை:
வான் நகரத்தில் எந்தக் கடை முர்துகா முதல் தரம்?
தீர்த்துக்கொள்ளத்தான் கிளம்பினோம்,
ஞாயிற்றுக்கு ஒரு கடையாக.

முதல் கடை கோட்டைக்குக் கீழே.
மேசை தெரியாதபடி இருபத்திரண்டு கிண்ணம்.
ஆலிவ், ரோஜா ஜாம், வால்நட் ஜாம்,
பெயர் கேட்டும் மறந்துபோன இன்னொரு ஜாம்.
ஒன்றும் நாக்கில் தங்கவில்லை.
"ஐந்து புள்ளி நான்கு" என்று நோட்டில் எழுதினார்.
புள்ளி நான்கு எதற்கு?
"டீ சூடாக இருந்ததே."

இன்னொரு கடையில் பாலாடைக்கட்டிக்குள்
மலைப்பூண்டுத் தழை மணத்தது, ரொட்டி சவசவத்தது.
ஒரு கடை, கல்யாணம் என்று பூட்டியிருந்தது.
தபால் நிலையத்துக் குட்டைச் சுவரில் உட்கார்ந்து
ஆளுக்கொரு சிமித் தின்றோம்.
எள் உதிர்ந்த மடியைத் தட்டிக்கொண்டே
"இது கணக்கில் சேராது" என்றார்.
எனக்கு அது சேர்ந்தது.

ஜெவ்தெத் கடையில் காசு வாங்கவில்லை.
அவர் வாயில் இருப்பது நான் செய்த பல்.
"லஞ்சம்" என்று அரை மதிப்பெண் வெட்டினார் ஃபிக்ரெத்.

அக்டோபரில், எரெக் மலையில் முதல் பனி விழுந்த ஞாயிறு,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயருக்குப் பஞ்சர் ஒட்டும் இடத்தை ஒட்டி
ஸோஸானின் கடை.
மூன்று மேசை. அதில் ஒன்று நொண்டி,
காலுக்கடியில் மடித்த அட்டை.
கல்லாவின் மேல் யாரோ பிள்ளையின் பாதி போட்ட வீட்டுக்கணக்கு.

வாணலியோடு கொண்டுவந்து வைத்தாள்.
வெண்ணெயில் மாவு சிவந்து, முட்டை உடைந்து,
இன்னும் உஸ்ஸென்று பேசிக்கொண்டிருந்தது.
தந்தூரிலிருந்து அப்போதுதான் பிரிந்த ரொட்டி.
ஒரு வாய்.
இன்னொரு வாய்.

பல் போனால் சொல் போச்சு.
முப்பத்திரண்டும் இருந்தே போய்விட்டது எனக்கு.

நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்தார்.
தேடியது கிடைத்துவிட்டது என்றால்
அடுத்த ஞாயிறு எதற்கு?

அவர் நோட்டைத் திறந்தார்.
பேனா தாளைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றது,
மார்ச் மாதத்து என் மீட்டர் முள் போல.
பிறகு எழுதினார்: ஆறு.
புள்ளி இல்லாத ஆறு.
ஏழு மாதத்தில் முதல் முறையாக.

இருபது வருடம் பொய் ரீடிங் எழுதாத கை அது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன்.
"தூக்கல்தான்" என்றார்,
வாணலியின் அடியைக் கடைசி ரொட்டித் துண்டால்
பளிச்சென்று துடைத்தபடி.
ஸோஸான் வாணலியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்,
வாணலியை எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை, வேலைக்குப் போகும் வழியில்,
ஒரு வாய்க்காக மட்டும் அந்தச் சந்தில் திரும்பினேன்.
நொண்டி மேசையின் நாற்காலியில்
மின்வாரியத்து மஞ்சள் சட்டை தொங்கியது.
எனக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தார்.
ரொட்டி பிய்க்கும் முழங்கை மட்டும் அசைந்தது.
சத்தமில்லாமல் திரும்பி நடந்தேன்.
அன்று முழுக்க ஒரு கண்டக்டரின் கடைவாய்ப் பல்லை
தேவைக்கு அதிகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு ஏழு மணிக்குக் கீழே ஹாரன்.
"எங்கே இன்றைக்கு?" ஜன்னலிலிருந்து கேட்டேன்.
"ஏரிச் சாலையில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள்."
"எப்படியாம்?"
"மகா மோசமாம்."

கோட்டுக்குப் பொத்தான் போடாமலே
படியிறங்கினேன்.