முன்னேற்றம் என்று ஒரு கட்டம்

நஸ்ரின் மேடம் கொடுத்துப்போன படிவத்தில்
முன்னேற்றம் என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
மூன்று மாதத்தை மடித்து
அதற்குள் வைக்கவேண்டும்.

எதை எழுத.

வந்த அன்று தரணி செருப்போடு தூங்கினான்.
நீலப் பட்டை ரப்பர் செருப்பு,
இடதுகால் வாரில் ஊக்கு.
கழற்றப் போனேன், கண் திறக்காமலே
காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில்
பதினோரு வருடமாக ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
கால் நுழையாத செருப்புகளைத்தான் எனக்குத் தெரியும்.

"நடுராத்திரில கூப்ட்டா கெளம்பணும்ல"
என்றான் மறுநாள்,
ஆற்காட்டுக்குக் கடைசி பஸ் எப்போது என்று
சொல்வதுபோல.

ஏழு வயது.
நாங்கள் மூன்றாவது வீடு.

ஞானசீலன் ஒவ்வொரு ராத்திரியும் ஜெபம் பண்ணினார்.
நான் படுக்கை விரிப்பை உதறினேன்.
உதற உதற
தெரு வந்துகொண்டே இருந்தது அதிலிருந்து.

ஜூனில் ஒருநாள் என்னைக் கடித்தான்.
தோசை கருகியதெல்லாம் ஒரு காரணமா.
மெஷினில் உட்கார்ந்து
மணிக்கட்டில் பல் தடத்தை எண்ணினேன்.
மேலே நாலு, கீழே மூன்று.
கீழே ஒன்று விழுந்திருக்கிறது.
எப்போது? எங்கே எறிந்தான்?
என்னிடம் சொல்லவில்லையே என்பதுதான்
கடியைவிட வலித்தது.

விசுவாசத்தைப் பற்றி ஆயர் நன்றாகத்தான் பேசுகிறார்.
தோல் ஷாப்பு நாற்றம் ஜன்னலில் ஏறும் மத்தியானங்களில்
எனக்கு அது ஒன்றும் ஞாபகம் வருவதில்லை.
ஆனால்
ஜெபத்தின் நடுவே தரணி ஒரு கண்ணைத் திறந்து
எங்களை எண்ணுவான்.
ரெண்டு பேர்.
சரி. மறுபடி மூடுவான்.
நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் இருந்தேன்,
அதனால் தெரியும்.

ஆகஸ்டில் செருப்பு கட்டிலுக்குக் கீழே இறங்கியது.
பிறகு வாசற்படிக்கு உள்பக்கம்,
மூக்கு மட்டும் தெருவைப் பார்த்தபடி.
நான் திருப்பி வைக்கவில்லை.
பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்கினேன்.

அப்புறம் தொரப்பாடி.
கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் அப்பா
"நல்லா சாப்டறியா" என்று கேட்டார்.
கன்னம் ஒட்டி, குரலும் ஒட்டிப்போயிருந்தார்.
இன்னும் பதினான்கு மாதம் அவருக்கு.
திரும்பும்போது பாலாற்றுப் பாலம் முழுக்க
தரணி வாயே திறக்கவில்லை.
அன்று ராத்திரி மறுபடி காலில் செருப்பு.
ஊக்கு விரிப்பைக் கிழித்தது.

இதையும் எழுதவேண்டுமா மேடம்?
பின்னேற்றம் என்று கட்டமே இல்லையே.

போன செவ்வாய்க்கிழமை
நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.
பக்கத்தில் வந்து குந்தினான்.
"இது ஆடுது" என்றான்.
வாயைத் திறந்தான்.
அதே வாய்.
என் விரல் வெங்காயம் நாறியது,
துடைத்துவிட்டு உள்ளே விட்டேன்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், இரண்டையும்.
எண்ணவில்லை.
கடிக்கவில்லை.
ஒரு நூல் ரத்தம், அவ்வளவுதான்,
அரிசி மாதிரி என் உள்ளங்கையில் கிடந்தது.

வெளியே போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எறிந்தான்.
டக், டக், டக் என்று உருண்டு
எங்கேயோ நின்றது.
கீழே விழவில்லை என்று
கொஞ்சநேரம் காத்திருந்து உறுதி செய்தான்.
பிறகு, கூரையைப் பார்த்தபடியே:
"மொளைக்கிற வரைக்கும் இங்கதான இருப்பேன்?"

பதினான்கில் ஒன்று கழிந்து பதின்மூன்று.
பல்லுக்கு எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியவில்லை.
"மொளைக்கட்டும் பாக்கலாம்" என்றேன்.
பொய் சொல்லக்கூடாது என்று மட்டும்தான்
அந்த நிமிஷம் ஜெபம் பண்ணினேன்.

கட்டத்தில் எழுதியிருக்கிறேன்,
எழுத்து கோணலாகத்தான் இருக்கும், மன்னிக்கவும்:
கீழ்வரிசையில் இரண்டாவது பல் விழுந்தது.
எங்கள் கூரைமேல் இருக்கிறது.