பி பக்கம், கடைசிப் பாட்டு

ஏகாம்பரகுப்பத்தில் அப்போதெல்லாம்
மாலை நாலுக்கு மின்சாரம் மெலியும்.
ஷிஃப்ட் மாறி எல்லாத் தறியும் ஒரே மூச்சில் கிளம்பும்.
பல்பு மஞ்சளாகும்.
ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம்.
என்னைப் பாடச் சொன்னது அந்த நாலு மணிக்கு.

மற்ற ஒன்பது பாட்டும் திருத்தணிக்காரர் பாடியவை.
மதியமே முடித்து, கவரை வாங்கிக்கொண்டு
நகரியில் பஸ் ஏறிவிட்டார்.
நாடாவில் நாலு நிமிஷம் மீந்தது.
"காலியா விட்டா கோளாறுன்னு திருப்பிக் குடுப்பாங்க.
தயாவதி, நீ எதையாவது பாடு" என்றார் முனிரத்தினம்.
லுங்கிக் கடையின் பின்னறை, சுவரெல்லாம் முட்டை அட்டை.
தார் சுற்றிய பஞ்சு விரலில் ஒட்டியிருக்கப் பாடினேன்.

கடைசி "வருவாயோ"வில் வோல்டேஜ் விழுந்தது.
மிஷின் நொண்டிச் சுற்றியது.
திரும்பப் போட்டால்
சோர்ந்தது அது, ஏறியது என் குரல்.
நான் ஒரு நாளும் போகாத உயரத்தில்
அந்த "யோ" மட்டும் தனியாய்ப் போய் நின்றது,
நூலறுந்த காற்றாடி மாதிரி.
"கெட்டுப்போச்சு. விடு, பி பக்கம்தானே."
அட்டையில் திருத்தணிக்காரர் பெயருக்குக் கீழே
பொடி எழுத்தில் நான்:
மற்றும் குழுவினர்.

இருபத்தெட்டு வருஷம்.

புத்தூர் ஷெட்டில் பழைய லாரியை உடைத்தபோது
டாஷ்போர்டுக்கு அடியில் கிடைத்ததாம்.
உடைத்த பையன் அதை மலைவளைவில் திரும்பும் ரயிலுக்குப் போட்டு
போனில் ஏற்றினான்.
பிறகு கல்யாண வீடியோ,
நாய்க்குட்டி வீடியோ,
யாரோ ஒருவர் இறந்த வீடியோ.
தமிழ் தெரியாதவர்களும் "யோ"வுக்கு அழுதார்கள்.
பேங்க் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் ரிங்டோன்.
"எவரம்மா பாடிந்தி?" என்று கேட்டேன்.
"தெலீது" என்றாள், எடுத்துப் பேசப் போய்விட்டாள்.

கண்டுபிடித்து வந்தார்கள் ஒரு வழியாக.
ஒரு வாத்தியார் அந்த இடத்துக்கு ஸ்வரம் எழுதியிருந்தார்,
எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி.
"எப்படிம்மா அங்க போனீங்க?"
கரண்டு என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். தன்னடக்கமாம்.

நகரியில் மேடை போட்டார்கள். பட்டுப் புடவை அவர்களுடையது.
பாடினேன், சரியாகவே பாடினேன்,
அந்த "யோ"வை என் தொண்டை எதுவரை எட்டுமோ அதுவரை.
முன்வரிசைப் பிள்ளை தன் அப்பாவிடம் சொன்னது
மைக் இல்லாமலே கேட்டது:
"இது ஒரிஜினல் மாதிரி இல்ல."
ரெண்டாம் தரம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.
கூட்டம் பாடியது, போன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு,
ஆளுக்கொரு உயரத்தில்,
ஒருவரும் அங்கே போய்ச் சேரவில்லை.

பணமும் கொஞ்சம் வந்தது.
முனிரத்தினத்தின் மகன் பாதி கேட்டான், கால்வாசிக்கு ஒத்துக்கொண்டான்.
மீதியில் ஃப்ரிட்ஜ்.
கடைக்காரன் ஸ்டெபிலைசரும் சேர்த்து ஏற்றிவிட்டான்,
"வோல்டேஜ் எப்ப விழும்னு சொல்ல முடியாதும்மா."
வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.