இன்னும் வேலையில்

மூன்றாம் மாடியின் கடைசி அறை.
சன்னலுக்கு வெளியே மலை பாதிதான் இருக்கிறது.
மீதியை மேகம் எடுத்துக்கொண்டது;
க்ளாக்ஸ்விக்கில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கட்டிலின் விளிம்பில் இடுப்பெலும்பு பொருந்தக்
குப்புறப் படுத்திருக்கிறாள் மர்யூன்.
கால்களை மூன்று வார்களால் கட்டிவிட்டேன்.
இடுப்புக்கு மேலே உடம்பு அந்தரத்தில்.
கைகளை மார்பில் மடித்துக்கொள்,
தரைக்கு இணையாக, முடிந்த மட்டும் என்கிறேன்.
கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்துகிறது.

இருபத்திரண்டு வருடம் மீன் வெட்டும் மேசை:
இது கோப்பில் இருப்பது.
அவள் சொன்னது வேறு:
"அந்த மேசையை என்னைவிடக் குள்ளமான யாருக்கோ
செய்திருக்கிறார்கள்."

பத்தாம் நொடியில் பலகைபோல் கிடந்தாள்.
முப்பதில் தொடை நடுங்கத் தொடங்கியது.
நாற்பத்தொன்றில் ஒரு கெட்ட வார்த்தை.
"எழுதிக்கொண்டாயா?"
இல்லை.
"எழுது."
ஐம்பத்து மூன்றில் இறங்கிவிட்டாள்.

வலித்ததா?
"இல்லை.
வலிக்கப்போகிறது என்று தெரிந்தது."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
களைப்பால் நிறுத்தினார். வலியால் நிறுத்தினார்.
இன்னும் வராத வலிக்கு இடமில்லை.
பேனாமுனையை இரண்டுக்கும் நடுவில் வைத்திருந்தேன்,
மை ஊறி ஒரு புள்ளி ஆகும்வரை.

பிறகு மின்முனைகள்.
முதுகைச் சாராயப் பஞ்சால் துடைத்தபோது சிலிர்த்துக்கொண்டாள்.
தண்டின் இருபுறமும் விரல் வைத்துத் தசையைத் தேடினேன்.
"இந்த இரண்டு பட்டைதானே?
மீனில் இதைத்தான் தனியாக எடுத்து
நல்ல விலைக்கு அனுப்புகிறோம்.
எலும்பை ஒட்டி இறங்கினால் கத்தி தானாகப் போகும்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு."
தள்ளினேன். அவள் சொன்னதுதான் சரி.

மெதுவாகக் குனி. அப்படியே நில். நிமிர்.

முதலில் கணக்குப் பிரிவு ஹோக்னியின் கோட்டைக் காட்டினேன்.
போன வாரம் சும்மா வந்து குனிந்துவிட்டுப் போனவன்.
குனியக் குனியக் கோடு கொதிக்கிறது.
முழுக்கக் குனிந்ததும் சட்டென்று அடங்குகிறது.
பாரத்தை இனி நாண்கள் பார்த்துக்கொள்ளும்;
தசைக்கு அந்த நொடி ஓய்வு.

அடுத்து அவளுடைய கோடு.
குனிகையில் கொதித்தது.
குனிந்து நின்றபோதும் கொதித்தது.
கப்பலில் இருந்து மூட்டை இறங்கிப்போன பின்னும்
முஷ்டி விரியாதவனின் கை.

வெகுநேரம் பார்த்தாள்.
"பதினோரு வருடமாக ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்.
இது என்ன சொல்கிறது, நான் பொய் சொல்லவில்லை என்றா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
அந்த முகத்துக்கு முன்னால்
அது எளிய சொல்லாகத்தான் இருந்தது.
ஆனால் கோட்டுக்கு அவ்வளவு தெரியாது.
வலியை அது பார்த்ததில்லை.
தசை இன்னும் வேலையில் இருக்கிறது,
இது மட்டும்தான் தெரிகிறது என்றேன்.

"ஷிஃப்ட் முடிந்தது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை போல."
சிரித்தாள்.
சிரிப்பும் கோட்டில் ஏறியது, ஒரு சின்னக் குன்றாக.

இயந்திரத்தை அணைக்கப் போனேன்.
இரு என்றாள்.
திரையைத் தாழ்த்தித் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.
திரும்பவும் குனிந்தாள்,
முடி தரையைத் தொட,
முழங்கால்களுக்கு நடுவே
தலைகீழாகத் தன் முதுகைப் பார்த்தபடி.
"இப்போது?"
இல்லை.
மூச்சை விட்டாள். "இப்போது?"
இல்லை.

துறைமுகத்தில் சங்கு ஊதியது.
கல்சோய் தீவுக்குப் போகிற படகு, அவளுடைய படகு.
கையில் அவள் சட்டையோடு நின்றேன்.

"போகட்டும்," என்றது குனிந்த குரல்,
"ஐந்தரைக்கு இன்னொன்று இருக்கிறது.
நீ கோட்டைப் பார்."