எட்டாவது ஊர்

மூன்றாம் நாளும் மழை.
பியூக்கின் துடைப்பான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது,
நானும்தான்:
அந்தச் சிவப்புக் களஞ்சியத்தில் திரும்பியிருக்க வேண்டும்.

விஸ்கான்சினில் சிவப்பில்லாத களஞ்சியம் எது, என்கிறாள் ஆர்டிஸ்.
அவள் மடியில் வரைபடம்,
பேனாவால் வட்டமிட்ட பதினோரு ஊர்கள்.
நான்கில் பெட்ரோல் கிடையாது.
ஒட்டுப்போர்வைக் கண்காட்சி உண்டு.

ஏழு முடிந்தன.
தீயணைப்பு நிலையத்தில் ஏணியிலிருந்து தொங்கின போர்வைகள்,
மூடிய பள்ளியில் கூடைப்பந்து வளையத்திலிருந்து.
வாசலுக்கு வாசல் ஐந்து டாலர்,
புறங்கையில் ஒரு நீல முத்திரை.
குளித்தும் போகாத ஏழு முத்திரைகளோடு
ஸ்டியரிங்கைப் பற்றியிருக்கும் என் கை
விலாசம் தப்பித் திரியும் பார்சல்.

"நிறுத்து" என்றால் நிறுத்துவேன்.
களஞ்சியத்தின் நெற்றியில் எட்டடிப் பலகை,
அதில் வண்ணம் தீட்டிய நட்சத்திரப் போர்வை.
குடை எடுக்காமல் இறங்கிப் படமெடுப்பாள்.
ஐந்து படங்கள். ஐந்திலும் ஒரு மாடு.
"மாடு நன்றாக வந்திருக்கிறது" என்று சொன்னேன்.
அதற்குப் பிறகு இருபது மைல் பேச்சில்லை.

மிசிசிப்பியைப் பார்க்கும் குன்றில்
காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி.
கால் டாலரை விழுங்கிவிட்டு
பால்போல் ஒரு வெண்மையைக் காட்டியது.
இங்கிருந்து மூன்று மாநிலங்கள் தெரியும் என்றது பலகை.
எங்களுக்குத் தெரிந்தது பலகை.
மூடுபனி விலகியிருந்தால்
வயல்கள் போர்வை மாதிரி இருக்கின்றன என்றிருப்பேன்.
முப்பத்தெட்டு வருடமாகச் சொல்கிறேன்.
மூலைகள் சேரவில்லை என்பாள்.
புதுப் பாலாடைக்கட்டி பல்லிடுக்கில் கீச்சிட்டது,
அவளுக்கும் எனக்கும் மாறி மாறி.
அந்த ஒரு மணி நேரத்து உரையாடல் அதுதான்.

எட்டாவது ஊர். லூதரன் தேவாலயத்தின் நிலவறை.
கருகிய காப்பி வாசனை, நடுவில் ஒரு கட்டில்,
கட்டில்மேல் இடுப்புயரம் போர்வைகள்.
ஒவ்வொன்றாக விரித்துக் கதை சொல்லி மடிக்க வேண்டும்.
மடிக்கும் இருவரில் ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது,
இன்னொருத்தி அவளை வீட்டில் விடப் போனாள்.
"உயரமானவர் யாராவது?" என்றார் திருமதி குன்வர் ட்வைட்.
உட்கார்ந்திருந்தும் நான் உயரம்.

வெள்ளைக் கையுறையில் என் விரல்கள் பாதிதான் நுழைந்தன.
மறுமுனைக்கு ஆர்டிஸ் எழுந்து வந்தாள்,
என்னைப் பார்க்காமல்.

இது கோழித்தீவனச் சாக்கில் தைத்தது.
இது விவாகரத்தான வாரம் தைத்தது, முழுக்க நீலம்.
இதில் ஒரு கட்டம் தலைகீழ்,
தைத்தவர் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.
எல்லோரும் சிரித்தார்கள்.
ஆர்டிஸ் இப்போது பார்த்தாள்.

பெரிய போர்வையை மடிக்க ஒரே வழிதான்.
கை அகல விரித்து, உதறி,
எதிரெதிரே நடந்து வந்து
என் மூலைகளை அவள் விரலில் கொடுக்க வேண்டும்,
குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்து, விலகி,
மறுபடி வர வேண்டும்.
இருபத்து மூன்று போர்வைகள்.

ஒன்பதாவதில் நெருங்கி வந்து,
"தாடையில் பாலாடைக்கட்டி ஒட்டியிருக்கிறது" என்றாள்.
பதினான்காவதில், இன்னும் மெல்ல,
"அந்தத் திருப்பத்தை நான் பார்த்தேன்.
நீ வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாய்.
ஐவரைப் புதைத்த பிறகு முதல்முறையாக.
நிறுத்த மனசு வரவில்லை."

ஐவர் என் தம்பி.
பாடினேனா? நினைவில்லை.
மூலைகள் அவள் கைக்குப் போய்விட்டன,
நான் மட்டும் அங்கேயே நின்றேன்.
"அடுத்தது" என்றார் திருமதி ட்வைட்,
"இதன் பெயர் குடிகாரன் பாதை."
வளைவு வளைவாய்ச் சிவப்பு.
ஒரு முனையை நான் கீழே விட்டுவிட்டேன்.

வண்டி ஏறிய பிறகுதான் கவனித்தேன்,
கையுறை இன்னும் கையில்.
திருப்பிக் கொடுக்கலாமா என்றேன்.
தபாலில் அனுப்பலாம் என்றாள்.
வரைபடத்தைத் தாறுமாறாக மடித்து
காலடியில் போட்டாள்.

மழையில் ஒரு சந்திப்பு வந்தது,
இடமா வலமா எழுதியில்லை.
ஏதாவது பாடலாமென்று வாய் திறந்தேன்,
ஒன்றும் வரவில்லை.
"பரவாயில்லை, போ" என்றாள்.