பாய் நனைகிறது

எங்கள் வீட்டுக்குச் சுவர் இல்லை.
சவாயீ தீவில் பழைய வீடுகள் அப்படித்தான்:
தூண்கள், கூரை, நடுவில் காற்று.
சாத்திக்கொள்ளக் கதவில்லாமல்
விடியுமுன்பே பார்த்துவிட்டேன்,
முற்றத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தது.

பாய்க்கு அடியில் மாலாகி.
குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன்.
பள்ளி விட்டு ஓரமாய் நடந்து வந்த என் ஃபெலேதியை
ஓரத்திலும் நடக்க விடாதவன்.
அவன் பின்னால் சித்தப்பன்மார், அவன் அம்மா லூப்பே,
எல்லோரும் தலை கவிழ்ந்து.
முன்னால் ஒரு கட்டு விறகு, எரிமலைக் கருங்கல், வாழையிலை.
வேண்டுமானால் எங்களையே சுட்டுத் தின்னுங்கள் என்று பொருள்.
எங்கள் ஊரில் மன்னிப்பு இப்படித்தான் கேட்பார்கள்,
வாய் திறக்காமல்.
வீட்டுக்காரர் பாயை எடுத்தால் பிழைத்தான்.
எடுக்காவிட்டால்
உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பேனி தூணில் தொங்கிய கத்தியைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
"பெற்றவள் நீ" என்றார்.
மொத்த எடையையும் என் மடியில் இறக்கிவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பதினாறு நாட்களாக எனக்கு ஜெபம் வரவில்லை.
மாலையில் காலி கேஸ் சிலிண்டரை யாரோ தட்டுவார்கள்,
ஊரே அடங்கி உட்காரும்.
எல்லோரோடும் தொடங்குவேன்.
கடன் என்ற சொல் வரும் இடத்தில்
தாடை பூட்டிக்கொள்ளும்.
மீதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள்.
பாடகர் வரிசையில் என் இடத்தில்
ஒரு விசிறி கிடந்தது.
கர்த்தரிடம் நான் கேட்டது ஒன்றுதான்:
அன்று மூன்று மணிக்கு
நீர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்?
பதில் இல்லை.
இல்லாத ஒருவரோடு பதினாறு இரவு
யாராவது சண்டை போடுவார்களா?
அப்போது அப்படி யோசிக்கவில்லை.

வெயில் ஏறியது. பாய் அசையவில்லை.
நாய் வந்து மோந்துவிட்டுப் போனது.
சீமைப்பலா சுட்டேன். யாரும் தொடவில்லை.
நண்பகலில் மலைப்பக்கம் கறுத்தது.

முதல் துளி பாயில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
நான் எழுந்தது அவனுக்காக இல்லை.
தாழை மடலைக் கிழித்து, கடலில் ஊறப்போட்டு, வெளுத்து,
நூலாக்கி இரண்டு வருஷம் பின்னிய பாய் அது.
நனைந்தால் ஓரத்துச் சிவப்பு இறகு கெட்டுவிடும்.
லூப்பே வீட்டில் பெண்கள் கூடிப் பின்னினோம்.
மூன்றாம் சாணில் ஓர் இழை தவறியிருக்கும்,
அது என் கை.
பிரிக்கப் போனேன். "இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்" என்றாள்.
அவள் மடியில் ஒரு குழந்தை
இழைகளை இழுத்து இழுத்துச் சிரித்தது.

ஓடிப்போய்ப் பாயைத் தூக்கினேன்.
கீழே அந்தக் குழந்தை.
உதடு வெடித்து, இமையில் எறும்போடு,
கண்ணைத் திறக்கப் பயந்து.

பாயைச் சுருட்டி அணைத்துக்கொண்டு
"உள்ளே வா, நனையாதே" என்றேன்.
பாயிடம் சொன்னேனா அவனிடமா, தெரியாது.

மன்னித்துவிட்டேன் என்று ஊர் சொல்கிறது.
ஊருக்கு என்ன, விருந்து முடிந்துவிட்டது.
நான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
சில நாள் கட்டுவேன்.
சில நாள் கடைப்பக்கம் அவன் சிரிப்பு கேட்கும்,
கட்டியதையும் திரும்பப் பிடுங்கிக்கொள்வேன்.

நேற்று மாலை சிலிண்டர் ஒலித்தது.
கடன் என்ற இடத்தில் தாடை அசைந்தது.
பாதி வரிதான்.
மீதியை
அவர் பார்த்துக்கொள்ளட்டும்.