திருத்தம் இருந்தால்

கடிதம் அட்டனுக்கு வந்துசேரப் பத்தொன்பது நாள்.
திருத்தம் அனுப்பத் தந்திருந்த தவணை பதினான்கு.
கூடவே சாட்சியப் பிரதி, நூற்றுப் பத்துப் பக்கம்.
என் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதல்:
மொழிபெயர்ப்பாளர், திருமதி புஷ்பக்காந்தி.

அவர்கள் வந்தது கார்த்திகையில்.
ஐந்து உறுப்பினர்கள், இரண்டு செயலாளர்கள்,
ஏழு பேருக்கும் ஒரே நிறக் குடை.
தங்கள் அரசாங்கம் கடல் தாண்டிக் கொடுத்த காசு
எங்கே இறங்கியதென்று பார்க்க
அவர்களுடைய பாராளுமன்றம் அனுப்பிய குழு.
ஸ்டெல்வின் தோட்டம், மேக்கணக்கு.
கழுத்தில் ஒரு அட்டை, காலில் ஒரு அட்டை.
காலில் இருந்ததற்கு நான்தான் சவர்க்காரம் தேய்த்துவிட்டேன்.

தாங்கிக்குப் பக்கத்தில் பளிங்குக் கல்.
இரண்டு கொடி, மூன்று மொழி,
தமிழில் மட்டும் ‘குடிநீர்’ ‘குடிநிர்’ ஆகியிருந்தது.
தலைவி கேட்டார்: தண்ணீர் கிடைக்கிறதா?

முத்துராக்கு கூடையை இறக்கவில்லை.
நிறுவைக்கு நேரமாகிவிட்டது.
“வந்துச்சுங்க.
தொறந்து வெச்ச அன்னிக்கி வந்துச்சு.
பவுசர்ல கொண்டாந்து ஊத்துனாங்க,
பைப்ப திருப்புனோம், எல்லாரும் கை தட்டுனாங்க.
மறுநாள்லேர்ந்து காத்துதான்.”

எனக்குப் பின்னால் தோட்டத்துரை.
அவருக்கும் பின்னால்
எனக்கு நாட்படி தரும் நிறுவனத்தின் ஜீப்,
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
நான் சொன்னேன்:
நீர் வழங்கல் தொடர்ச்சியாக இல்லை.

பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

அவள் நிறுவைக்கு ஓடினாள்.
மழைக் கொழுந்து,
தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழித்தார்கள்.
அதைக் குழு பார்க்கவில்லை.
பார்க்க வந்த தண்ணீர் வேறு.

அமைச்சரை நிறுத்தி வைத்துக் கேட்டதைக்
கைபேசியில் பார்த்தேன்.
அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கும் நேரம்.
“இது எங்கள் மக்களின் வரி” என்றார் தலைவி,
மேசையில் விரலால் தட்டி.
வரி.
நாங்கள் குடியிருப்பதும் வரிதான்,
லயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்,
பத்துக் காம்பிரா, ஒரே தகரம்.
அறிக்கையில் எங்களுக்கு இரண்டு வரி.
அமைச்சர் கண்ணாடியைத் துடைத்தார்,
எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொன்னார்.
அடுத்த கேள்வி வேறு ஏதோ தீவைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மேக்கணக்குக்கு ஏறினேன்.
பக்கம் எண்பத்தெட்டு, பத்தி நான்கு,
அவளுடைய பேச்சை அவளிடமே
திரும்பத் தமிழாக்கி வாசித்தேன்:
“விநியோகத்தில் சிறு இடைவெளிகள் உண்டெனப்
பயனாளி ஒருவர் குறிப்பிட்டார்.”

“பயனாளின்னா?”
நீங்கதான்.
“இடைவெளின்னா?”
எடையில கொஞ்சம் வராம இருக்கிறது.
“கொஞ்சமா?”

பீலிக்கரைக்குப் போகும் வாளிகள்
எங்களைத் தாண்டிக்கொண்டிருந்தன.
இடைவெளியே இல்லை.

“அவங்க ஊரு மந்திரிய அவங்க நிக்க வெச்சு கேட்டாங்க, சரி.
வாங்கிக் கையெழுத்துப் போட்ட மந்திரிய
கொழும்புல யாரு கேட்டா?”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
பதில் தெரிந்திருந்தால்
அதையும் அவளுடைய தமிழிலேயே சொல்லியிருப்பேன்.

இரவு எழுதினேன்.
காலதாமதத்துக்கு மன்னிக்கவும்.
தவறு சாட்சியுடையதல்ல, என்னுடையது.
பக்கம் 88, பத்தி 4:
‘சிறு இடைவெளிகள்’ என்பதைக்
‘காற்று’ என்று திருத்தி வாசிக்கவும்.
என் பெயரில் இருந்த எழுத்தை அப்படியே விட்டேன்.

தபாற்கந்தோரில் வாங்கித் தராசில் வைத்தார்.
உறை நனைந்திருந்தது.
அவர் எதையும் கழிக்கவில்லை.